'சதுரங்க வேட்டை' பார்த்துச் சிரிச்ச ஊர்ல இன்னும் இரிடியம் மோசடி ஓடுறது எப்படி? முழு விளக்கம்

டிவியில எப்போ போட்டாலும் சேனல் மாத்தாம பார்க்கிற படங்கள்ல ஒண்ணு 'சதுரங்க வேட்டை'. 2014 ஜூலையில் வெளியானது. இயக்குநர் ஹெச்.வினோத்துக்கு இது முதல் படம். தயாரித்தவர் நடிகர் மனோபாலா. ஒளிப்பதிவாளர் நட்டி என்கிற நட்ராஜ், ஊர் ஊராகப் போய் ஏமாற்றும் காந்தி பாபுவாக நடித்திருந்தார். பெரிய ஸ்டார் யாரும் இல்லை. ஆனாலும் ஒருத்தர் சொல்லி ஒருத்தர் போய்ப் பார்த்து, படம் ஓடியது. தெலுங்கில் 'ப்ளஃப் மாஸ்டர்' என்று ரீமேக்கும் ஆனது.

படம் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுல காட்டின மோசடிகள் மட்டும் நிக்கல. 2025 செப்டம்பரில்கூட, ரிசர்வ் வங்கி பெயரில் போலி ஆவணங்களைக் காட்டி இரிடியம் மோசடி செய்ததாகப் பலரை சிபிசிஐடி போலீஸார் கைது செய்தனர். இவ்வளவு பேர் பார்த்த படம் ஏன் நம்மை உஷார்படுத்தலை?

யாரைப் பார்த்துச் சிரிச்சோம்?

படத்தில் நாம் உட்கார்ந்திருப்பது ஏமாற்றுபவன் பக்கம். அவன் திட்டம் முன்கூட்டியே நமக்குத் தெரியும். ஏமாறுகிறவர் பேராசைக்காரராகக் காட்டப்படுவதால், 'இவனுக்கு வேணும்' என்று சிரித்துவிடுகிறோம். நிஜத்தில் நமக்குக் கிடைப்பது எதிர் நாற்காலி. அங்கே திட்டம் தெரியாது. வருகிறவன் வில்லன் மாதிரியும் இருக்க மாட்டான், பெரும்பாலும் தெரிஞ்சவங்க மூலமாத்தான் வருவான்.

அந்தச் சிரிப்பால் இன்னொரு விளைவும் உண்டு. நாளைக்கு நாமே ஏமாந்தால், ஊரும் நம்மைப் பார்த்து இப்படித்தான் சிரிக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால் வெளியே சொல்ல மாட்டோம். மோசடிக் கும்பல் நம்பி இருப்பது இந்த வெட்கத்தைத்தான்.

மண்ணுளிப் பாம்பு: உண்மை என்ன?

'இருதலைப் பாம்பு' என்று சொல்லி லட்சம், கோடி என விலை பேசுவார்கள். உண்மையில் அதுக்கு ஒரே தலைதான். வால் மழுங்கி, தலை மாதிரியே இருக்கும். எதிரியைக் குழப்ப இயற்கை கொடுத்த வசதி அது. விஷம் கிடையாது. எலியைத் தின்று விவசாயிக்கு நல்லது செய்யும். மருந்துக்கு ஆகும், அதிர்ஷ்டம் வரும் என்பதெல்லாம் கதை. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். அதாவது பணத்தை இழந்தவர் புகார் கொடுக்கப் போனால், 'நீ ஏன் பாம்பு வாங்கப் போனே?' என்ற கேள்வி முதலில் வரும்.

இரிடியம் கலசம்: எப்படி நம்ப வைக்கிறாங்க?

பழைய செம்புப் பாத்திரம் அல்லது கோபுரக் கலசம், அதில் இடி விழுந்து இரிடியம் சக்தி ஏறிவிட்டது, அரிசியை இழுக்கும், வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் பல கோடிக்கு வாங்கும். இதுதான் 'ரைஸ் புல்லிங்' கதை. கும்பலில் ஒருத்தர் பாத்திரத்தின் சொந்தக்காரர், ஒருத்தர் விஞ்ஞானி, ஒருத்தர் கம்பெனி ஏஜென்ட். அரிசியில் இரும்புத்தூள் பூசி, காந்தத்தை மறைத்து வைத்தால் வித்தை முடிந்தது. அப்புறம் பரிசோதனைக் கட்டணம், கதிர்வீச்சு உடைக்குக் கட்டணம் என்று பணம் கறப்பார்கள். 'அரசாங்க ரகசியம், யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்பதும் கூடவே வரும்.

செட்டிநாடு பக்கம் இதைக் கூடுதலாகக் கவனிக்கணும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள், பரம்பரை பித்தளை, செம்புச் சாமான்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் எல்லாம் நிஜம். அங்கே பழைய சாமானுக்கு நல்ல விலை கிடைப்பதும் நிஜம். இத்தனை நிஜத்துக்கு நடுவுல ஒரு பொய்யைச் சொருகுறது சுலபம்.

அதே காரைக்குடியில்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் (சிக்ரி) இருக்கு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறக்கப்பட்டது. மின்வேதியியலில் இரிடியம் சாதாரணமாகப் புழங்கும் பெயர். அதன் ஆக்சைடை மின்முனைகள் மேல் பூச்சாகப் பயன்படுத்துவார்கள்.

அறிவியல் சொல்வது இதுதான்: இரிடியம் 1803-ல் கண்டுபிடிக்கப்பட்ட உலோகம். அரிதானது, விலை அதிகம். ஆனால் இடி விழுந்து செம்பு இரிடியமாக மாறாது. இரிடியம் உட்பட எந்த உலோகமும் அரிசியை இழுக்காது. இரிடியம் செம்பைவிட சுமார் இரண்டரை மடங்கு கனம். அதன் உருகுநிலை 2,400 டிகிரி செல்சியஸுக்கும் மேல். பழங்காலப் பட்டறையில் அதை உருக்கிச் சொம்பு செய்திருக்க வாய்ப்பே இல்லை.

எம்எல்எம்: ஏமாந்தவரே ஏஜென்ட்

படத்தில் வரும் இன்னொரு மோசடி, ஆள் சேர்த்தால் பணம் என்கிற சங்கிலித் திட்டம். 1978-ம் ஆண்டு பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டப்படி இது குற்றம். முதலில் சேர்ந்தவர் மாமா, மச்சான், பக்கத்து வீட்டு அக்கா என்று தன் ஆட்களையே சேர்த்துவிட்டிருப்பார். திட்டம் கவிழ்ந்ததும் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பார்? சட்டமும் அவரைக் கேள்வி கேட்கும். அதனால் வாயைத் திறக்க மாட்டார்.

கவனிச்சீங்களா? மூன்று மோசடிக்கும் பொதுவானது இதுதான்: ஏமாறுகிறவரையே பாதிக் குற்றவாளி ஆக்கிவிடுவது. ஆசை என்பது தூண்டில்தான். கும்பல் தப்பிக்கிற கதவு, நம்ம மௌனம்.

ஊர் மாறிப் போய்ட்டா என்ன செய்வது?

கும்பல் சிவகங்கையில் பேசி, மதுரையில் பணம் வாங்கி, கோவையில் காணாமல் போகலாம். 'எங்க எல்லை இல்ல' என்று திருப்பி அனுப்பப்படுவோமோ என்று தயங்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 'ஜீரோ எஃப்ஐஆர்' என்பது இதுதான். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழைக்கணும். முதலீட்டுத் திட்டம் என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவை அணுகலாம். பேசிய எண், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் கோபத்தில் அழித்துவிடாதீங்க. அதுதான் சாட்சி.

வீட்டில் யாராவது ஏமாந்துட்டேன்னு சொன்னா, 'படம் பார்த்தும் புத்தி வரலையா'ன்னு முதல்ல கேட்காதீங்க. எப்போ, எவ்வளவு, யார்கிட்ட கொடுத்தீங்கன்னு கேளுங்க. அந்தக் கும்பல் அடுத்த ஊருக்குப் போறதுக்குள்ள புகார் போய்ச் சேரணும்.