கிட்டார் மாடலர் வாங்கியாச்சு... ஸ்பீக்கர் பவர்டா, பேசிவா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஹீலிக்ஸ், குவாட் கார்டெக்ஸ், ஃப்ராக்டல், கெம்பர் என டிஜிட்டல் மாடலர்கள் வந்த பிறகு கிட்டார் கலைஞர்களின் சுமை வெகுவாகக் குறைந்துவிட்டது. கனமான வால்வ் ஆம்பும் வரிசையாக அடுக்கிய பெடல்களும் செய்த வேலையை இப்போது ஒரே பெட்டி செய்கிறது.

ஆனால் அடுத்த கட்டத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஹெட்போனில் அட்டகாசமாகக் கேட்ட டோன், ஸ்பீக்கரில் போட்டதும் கொசு ரீங்காரம் போலவோ, போர்வைக்குள்ளிருந்து வருவது போலவோ கேட்கிறது. அதைவிட மோசம், தவறான கேபிளைத் தவறான இடத்தில் செருகினால் கருவியே புகைந்துவிடலாம்.

அப்போ எந்த ஸ்பீக்கரை வாங்குவது?

மாடலரை நேரடியாக ஸ்பீக்கரில் இணைத்தால் என்ன ஆகும்?

பெரும்பாலும் சத்தமே சரியாகக் கேட்காது. மாடலரில் இருந்து வருவது 'லைன் லெவல்' சிக்னல். அதன் அளவு சுமார் 1 வோல்ட்தான். ஆனால் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 100 வாட்ஸ் கொடுக்க சுமார் 28 வோல்ட் வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவதுதான் பவர் ஆம்ப்.

அது பெட்டிக்குள்ளேயே இருந்தால் பவர்டு ஸ்பீக்கர். வெளியே தனியாக வாங்கி இணைக்க வேண்டும் என்றால் பேசிவ், அதாவது அன்பவர்டு. வித்தியாசம் அவ்வளவுதான். கெம்பர் பவர்ஹெட் போன்ற சில மாடலர்களில் மட்டும் 600 வாட்ஸ் பவர் ஆம்ப் உள்ளேயே வருகிறது. இவற்றை பேசிவ் கேபினெட்டுடன் நேரடியாக இணைக்கலாம்.

டோன் மாறுவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இங்கேதான் குழப்பம். டோனை முடிவு செய்வது பவர்டா, பேசிவா என்பதல்ல, ஸ்பீக்கரின் தன்மை. ஒரே 12 இன்ச் 'கோன்' ஸ்பீக்கரை கெம்பர் நிறுவனம் பேசிவ் கேபினெட்டாகவும் விற்கிறது, பவர்டு கேபினெட்டாகவும் விற்கிறது.

சாதாரண கிட்டார் ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் வெளியிடாது. புகழ்பெற்ற செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கரின் எல்லை 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே உள்ள கரகரப்பை அது வடிகட்டிவிடும். நமக்குப் பழக்கமான கிட்டார் சத்தமே இந்த வடிகட்டலால் வருவதுதான்.

'எஃப்.ஆர்.எஃப்.ஆர்.' எனப்படும் ஃபுல் ரேஞ்ச், ஃப்ளாட் ரெஸ்பான்ஸ் ஸ்பீக்கர் அப்படி அல்ல. கொடுத்ததை அப்படியே வெளியிட முயலும். அதனால் கேபினெட்டின் வேலையை மாடலரில் உள்ள 'கேப் சிமுலேஷன்' அல்லது 'ஐ.ஆர்.' செய்ய வேண்டும். எனவே:

• எஃப்.ஆர்.எஃப்.ஆர். ஸ்பீக்கர் என்றால் கேப் சிமுலேஷன் ஆன். ஆஃப் செய்தால் கொசு ரீங்காரம்தான்.

• கிட்டார் கேபினெட் என்றால் கேப் சிமுலேஷன் ஆஃப். ஆன் செய்தால் இரண்டு முறை வடிகட்டி, போர்வை போர்த்தியது போல ஆகிவிடும்.

புது ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் இந்த ஒரு செட்டிங்கைப் பாருங்கள்.

பவர்டு ஸ்பீக்கர் யாருக்கு?

ஒரே இரவில் பல விதமான ஆம்ப் டோன்கள் தேவைப்படுபவர்களுக்கும், அக்கூஸ்டிக் கிட்டாரையும் அதே ஸ்பீக்கரில் வாசிப்பவர்களுக்கும் பவர்டு எஃப்.ஆர்.எஃப்.ஆர். பொருத்தம். மேடையில் நீங்கள் கேட்பதும், பி.ஏ. வழியாக ரசிகர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஹெட்ரஷ் எஃப்.ஆர்.எஃப்.ஆர்.-112, ஃபெண்டர் டோன் மாஸ்டர் எஃப்.ஆர்.-12 ஆகியவை இந்த ரகம். லைன் 6 பவர்கேப் ஃப்ளாட்டாகவும் வேலை செய்யும், கிட்டார் ஸ்பீக்கர்கள் போலவும் நடிக்கும்.

பாதகமும் உண்டு. ஸ்பீக்கர் இருக்கும் இடத்துக்கே கரண்ட் கேபிளும் போக வேண்டும். உள்ளே உள்ள ஆம்ப் பழுதானால் மொத்தப் பெட்டியும் சர்வீஸுக்குப் போகும். வெளிநாட்டில் வாங்கினால் 230 வோல்ட்டில் இயங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

பேசிவ் ஸ்பீக்கர் யாருக்கு?

வீட்டில் ஏற்கெனவே நல்ல கிட்டார் கேபினெட் இருந்தால், அதை விற்க அவசரப்பட வேண்டாம். பெடல்போர்டிலேயே வைக்கக்கூடிய சிறிய பவர் ஆம்ப் ஒன்று போதும். மார்பில் மோதும் அந்தப் பழைய ஆம்ப் உணர்வு வேண்டும் என்பவர்களும் இந்தப் பக்கம்தான் வருகிறார்கள். ஆம்ப் கெட்டால் வேறொன்றை மாட்டிக்கொண்டு கச்சேரியைத் தொடரலாம்.

கேபினெட்டை வைத்துக்கொண்டே ஃப்ளாட் சத்தம் வேண்டுமா? செலஸ்டியன் எஃப்12-எக்ஸ்200 போன்ற ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கரை உள்ளே மாற்றிக்கொள்ளலாம்.

வாட்ஸ் அதிகம் என்றால் சத்தமும் அதிகமா?

விளம்பரத்தில் உள்ள 'பீக்' வாட்ஸை நம்பி ஏமாற வேண்டாம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இருமடங்கு சத்தம் போலக் கேட்க, கிட்டத்தட்ட 10 மடங்கு வாட்ஸ் வேண்டும்.

பேசிவ் வாங்கினால் ஓம்ஸ் கணக்கும் முக்கியம். ஆம்பில் '4 ஓம்ஸுக்கு 170 வாட்ஸ்' என்று இருந்தால், 8 ஓம் கேபினெட்டில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். வின்டேஜ் 30 தாங்குவது 60 வாட்ஸ் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு 8 ஓம் கேபினெட்களை பேரலலாக இணைத்தால் மொத்தம் 4 ஓம் ஆகும். ஆம்ப் அனுமதிக்கும் ஓம்ஸை விடக் கீழே போகக் கூடாது.

இதை மட்டும் செய்துவிடாதீர்கள்!

• பவர் ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை பவர்டு ஸ்பீக்கரின் இன்புட்டில் செருகக் கூடாது. ஜாக் பொருந்தும், ஆனால் உள்ளே உள்ள சர்க்யூட் போய்விடும்.

• பேசிவ் கேபினெட்டுக்கு கிட்டார் கேபிளைப் பயன்படுத்தக் கூடாது. மெல்லிய கம்பி சூடாகி ஆம்பையும் பாதிக்கலாம். ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும்.

• வால்வ் பவர் ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கவே கூடாது.

முடிவாக...

நல்ல கேபினெட் கையில் இருந்தால் பவர் ஆம்ப் மட்டும் வாங்குங்கள். எதுவுமே இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு பவர்டு எஃப்.ஆர்.எஃப்.ஆர். எளிது. எதுவானாலும் கடைக்கு உங்கள் மாடலரையே எடுத்துச் சென்று, மேடையில் வைக்கும் அதே சத்தத்தில் வாசித்துப் பாருங்கள். படுக்கையறையில் மெதுவாக வைத்து உருவாக்கிய டோன், சத்தம் கூடும்போது பேஸும் ட்ரெபிளும் தூக்கலாகிக் கேட்கும். அதைக் கடையிலேயே சரிசெய்து பார்த்துவிட்டு, பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.