விலகலும் விலக்கலும்: ஓர் உலகைப் படைத்தவரின் வெளியேற்றம்

2008ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், 'டாபுலா ராசா' என்னும் இணைய விளையாட்டின் ஆட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல் வெளியாயிற்று. மடலின் கீழே இருந்த பெயர் ரிச்சர்ட் காரியட். விண்வெளிப் பயணம் தமக்குள் புதிய ஆர்வங்களை எழுப்பியிருப்பதாகவும், அவற்றை நாடி என்.சி.சாஃப்ட் நிறுவனத்திலிருந்து விலகுவதாகவும் அதில் கண்டிருந்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் அவர் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் சென்று திரும்பியிருந்தார். ஆகவே அச்செய்தியை எவரும் ஐயுறவில்லை. வானத்தைக் கண்டு வந்தவனுக்கு மண்ணில் மனம் ஒட்டாது போவது இயல்புதானே என்று பலரும் எண்ணியிருக்கக்கூடும்.

அந்த மடலின் ஆசிரியர் யார் என்னும் வினா பின்னர் நீதிமன்றம் வரை சென்றது. இலக்கிய மாணவர்களாகிய நமக்குக் கணினி விளையாட்டின் வரலாற்றில் என்ன வேலை என்று கேட்கலாம். படைத்தவனுக்கும் படைப்புக்கும் உள்ள உறவு, ஒரு பிரதியின் உண்மையான ஆசிரியரைத் தேடும் முயற்சி, ஒரு வினைச்சொல்லின் எழுவாய் எது என்னும் ஆராய்ச்சி ஆகிய மூன்றும் இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் வந்து கூடுகின்றன என்பதே நமது விடை.

காரியட் 1961இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்து, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வளர்ந்தவர். தந்தை ஓவன் காரியட் நாசாவின் விண்வெளி வீரர். 1973இல் ஸ்கைலாப் நிலையத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தங்கியவர். மகனுக்கும் விண்வெளிக் கனவு இருந்தது. ஆனால் கண்பார்வைக் குறையால் நாசாவின் கதவு அவருக்கு அடைபட்டுப் போனது. பள்ளிப் பருவத்தில் ஒரு கணினிப் பயிற்சி முகாமில் சக மாணவர்கள் அவருடைய பேச்சைக் கேட்டு 'பிரிட்டிஷ்' என்று கேலிப்பெயர் சூட்டினர். அந்தப் பெயரையே அவர் மகுடமாக்கிக்கொண்டார். அவர் படைத்த 'அல்டிமா' விளையாட்டு வரிசையில் பிரிட்டானியா என்னும் கற்பனை நாட்டின் மன்னன் பெயர் லார்ட் பிரிட்டிஷ். பழைய பதம் பாடியவர்கள் தம் முத்திரையைப் பாட்டுக்குள்ளேயே பொதிந்து வைத்ததை ஒத்த செயல் இது.

முதல் அல்டிமா 1981இல் வெளிவந்தது. 1983இல் தமையன் ராபர்ட் முதலானோருடன் சேர்ந்து ஆரிஜின் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். உலகங்களைப் படைக்கிறோம் என்பதே அந்நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்ட முழக்கம். 1985இல் வந்த நான்காம் அல்டிமாவே அவரை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்தியது. அரக்கனைக் கொன்று பொருள் சேர்ப்பதே குறிக்கோளாக இருந்த விளையாட்டுகளுக்கு நடுவே, கருணை, வாய்மை, நீதி, தியாகம், பணிவு முதலிய எட்டு அறங்களில் தேர்ச்சி பெறுவதையே இலக்காக அது வைத்தது. பார்வையற்ற கடைக்காரப் பெண்ணிடம் காசைக் குறைத்துக் கொடுத்து ஏமாற்றினால் அந்நேரம் இலாபம். ஆனால் விளையாட்டு அதை நினைவில் வைத்துக்கொள்ளும். எட்டு அறங்களும் கைகூடியவனுக்கு அதில் அளிக்கப்படும் பட்டம் 'அவதார்'. இந்து மரபிலிருந்து எடுத்தாண்ட சொல் அது. அடுத்த ஆண்டுகளில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் 'ஹாபிடாட்' என்னும் ஆரம்பகால இணைய உலகமும், திரையில் தோன்றும் ஆளின் உருவத்துக்கு அதே சொல்லைக் கையாண்டது. இன்று உலகெங்கும் இணையத்தில் புழங்கும் அச்சொல்லின் வழிகளுள் இவை முக்கியமானவை. அவதாரம் என்றால் இறங்கி வருதல். விளையாட்டுக்குள் இறங்கும் மனிதனுக்கு அது எத்துணை பொருத்தமான சொல்!

1992இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் பெருநிறுவனம், ஏறத்தாழ 3.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து ஆரிஜினை வாங்கியது. அன்றிலிருந்து பிரிட்டானியாவின் மன்னன் ஓர் ஊழியன் ஆனான். இந்த முரண் உடனே உறைக்கவில்லை; 1997 செப்டம்பரில் 'அல்டிமா ஆன்லைன்' வந்த பிறகே அதன் கனம் தெரியத் தொடங்கியது.

அதுவரை அல்டிமா என்பது நூல் போன்றது. ஒருவர் வாங்கிச் செல்வார். தம் வீட்டுக் கணினியில் தனியே விளையாடுவார். முடித்ததும் எடுத்து வைத்துவிடுவார். அல்டிமா ஆன்லைனோ ஊர் போன்றது. நிறுவனத்தின் வழங்கிக் கணினிகளில் அது இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் அதற்குள் இருப்பர். நாம் உறங்கச் சென்றாலும் அங்கே சந்தை கூடும், வீடு கட்டப்படும், கொள்ளை நடக்கும். மாதக் கட்டணம் செலுத்தி வந்தவர்களில் பலர் அரக்கனைத் தேடிச் செல்லவே இல்லை. தையற்காரராகவும் கொல்லராகவும் மீனவராகவும் அங்கே வாழ்ந்தனர். ஸ்டார் லாங் தயாரிப்பைக் கவனிக்க, ராஃப் கோஸ்டர் வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஓநாய் முயலைத் தின்னும், முயல் புல்லைத் தின்னும் என்று ஓர் உயிர்ச்சூழலையே அவர்கள் திட்டமிட்டிருந்தனர். ஆட்டக்காரர்கள் கண்ணில் பட்ட விலங்கையெல்லாம் கொன்று தீர்த்த வேகத்தில் அத்திட்டம் குலைந்தது. படைப்பவனின் எண்ணத்தைக் குடிமக்கள் மதித்தே தீரவேண்டும் என்ற விதி அங்கே செல்லவில்லை.

இதற்கு ஆகச் சிறந்த சான்று 1997 ஆகஸ்டில், சோதனைப் பதிப்பின்போது நிகழ்ந்தது. லார்ட் பிரிட்டிஷ் உருவில் காரியட் தம் குடிமக்கள் முன் எழுந்தருளினார். மன்னனை எதுவும் தீண்டாதிருக்க ஒரு காப்பு உண்டு. கணினி நின்று மீண்டும் இயங்கியபோது அந்தக் காப்பு நீங்கியிருந்தது. அதை மறுபடி இட அவர் மறந்திருந்தார். கூட்டத்தில் ரெய்ன்ஸ் என்ற பெயரில் இருந்த ஆட்டக்காரர் ஒருவர் நெருப்பு மந்திரச் சுருளை வீச, மன்னன் அங்கேயே மாண்டான். விளையாட்டு வரலாற்றின் புகழ்பெற்ற வேடிக்கை நிகழ்வாக இது இன்றும் சொல்லப்படுகிறது. நமக்கு அதில் ஒரு முன்னறிவிப்பும் தென்படுகிறது. மன்னன் வீழ்ந்த பின்னும் உலகம் நிற்கவில்லை. அவன் இல்லாமலும் அது இயங்கும் என்பதை அன்று எல்லோரும் கண்டனர்.

அல்டிமா ஆன்லைன் விரைவிலேயே ஒரு லட்சம் சந்தாதாரர்களை எட்டியது. ஆனால் 1999 இறுதியில் வெளிவந்த ஒன்பதாம் அல்டிமா, குறைகள் மலிந்த நிலையில் கடைக்கு வந்து ஏமாற்றம் அளித்தது. ஆரிஜினின் புதிய திட்டங்கள் கைவிடப்பட்டன. 2000இல் காரியட் வெளியேறினார். பாகப்பிரிவினை விசித்திரமாக அமைந்தது. அல்டிமா என்ற பெயரும் பிரிட்டானியா என்ற நாடும் நிறுவனத்திடம் தங்கின. லார்ட் பிரிட்டிஷ் என்ற பெயர் மட்டும் அவருடன் போயிற்று. நாடில்லாத மன்னன் ஒருபுறம், மன்னனில்லாத நாடு மறுபுறம். அதே ஆண்டில் நிறுவனம் அந்த உலகத்தை இரண்டாகப் பகுத்தது. கொலையும் கொள்ளையும் நிகழும் பழைய நிலம் ஒன்று. இசைவின்றி எவரும் எவரையும் தாக்க முடியாத, அதே வரைபடம் கொண்ட புதிய நிலம் மற்றொன்று. பெரும்பாலான மக்கள் புதிய நிலத்துக்கே குடிபெயர்ந்தனர். ஒரு நாவலாசிரியர் பதிப்பகத்தை விட்டுப் போன மறுநாள் பதிப்பகத்தார் கதையின் நிலத்தையே மாற்றி எழுதுவதை நம்மால் எண்ணிப் பார்க்க இயலாது. இணைய உலகில் அது அன்றாட நிர்வாகம்.

அடுத்த ஆண்டு, 'லினியேஜ்' விளையாட்டால் பெரும் வெற்றி கண்டிருந்த தென்கொரிய நிறுவனமான என்.சி.சாஃப்டுடன் காரியட் இணைந்தார். நெடுங்காலம் உழைத்து, நடுவில் ஏறக்குறைய முழுவதையும் கலைத்து மீண்டும் எழுதி, 2007 நவம்பரில் 'டாபுலா ராசா'வை வெளியிட்டனர். எழுதப்படாத பலகை என்பது அந்த இலத்தீன் தொடரின் பொருள். பலகையில் எழுதியது நெடுநாள் நிற்கவில்லை. சந்தாதாரர்கள் எதிர்பார்த்த அளவு சேரவில்லை. 2008 அக்டோபர் 12இல் காரியட் தம் சொந்தச் செலவில் விண்ணேறினார். தந்தைக்குப் பின் விண்வெளி கண்ட முதல் அமெரிக்க மகன் அவரே. மனிதர் சிலரின் மரபணுத் தகவல்களையும் டாபுலா ராசா ஆட்டக்காரர்களின் பதிவுகளையும் தாங்கிய ஒரு நினைவகத்தை அவர் விண்வெளி நிலையத்தில் விட்டு வந்தார். அதற்கு 'அழியாமை' என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தனர். நவம்பரில் அந்த மடல் வந்தது. 2009 பிப்ரவரி 28இல் டாபுலா ராசா நிறுத்தப்பட்டது.

2009 மே மாதத்தில் காரியட் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். தாம் விலகவே இல்லை, தம்மை நீக்கினார்கள் என்பது அவர் வாதம். அந்தத் திறந்த மடலும் தம் விருப்பில் பிறந்ததன்று என்றார். இதில் மானப் பிரச்சினை மட்டும் இல்லை. அவரிடம் நிறுவனப் பங்குகளைக் குறித்த விலையில் வாங்கும் உரிமை இருந்தது. நிறுவனம் அவரை நீக்கியிருந்தால் 2011 வரை அவ்வுரிமை செல்லும். அவராகவே விலகியிருந்தால் 90 நாட்களுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். தன்விருப்பில் விலகினார் என்று நிறுவனம் பதிந்துகொண்டது. உலகப் பொருளாதாரம் சரிந்துகிடந்த அந்தக் குளிர்காலத்தில், தாழ்ந்த விலையில் பங்குகளை விற்கும் நிலைக்குத் தாம் தள்ளப்பட்டதாக அவர் முறையிட்டார்.

தமிழ் இலக்கணம் பயின்றவர்கள் இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். 'விலகு' என்பது தன்வினை. 'விலக்கு' என்பது பிறவினை. இடையில் இருப்பது ஒரு ககர ஒற்று. விலகினாரா, விலக்கினார்களா என்பதே வழக்கின் சாரம். 2010 ஜூலையில் டெக்சாஸின் ஆஸ்டின் நகர நடுவர் குழு அந்த ஒற்று உண்டு என்று தீர்ப்பளித்தது, 2.8 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரு மெய்யெழுத்துக்கு இத்தனை விலை கிடைத்த வேறு சந்தர்ப்பத்தை நாம் அறியோம்.

தீர்ப்பின் தொகையைக் காட்டிலும் நமக்கு முக்கியமானது வேறு. மூத்த வடிவமைப்பாளர் ஒருவர் பெருநிறுவனத்தை விட்டு நீங்கும்போது வெளியாகும் மடல்களை வரலாற்றுச் சான்றாக அப்படியே ஏற்றுக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. புதிய ஆர்வங்கள், குடும்பத்துடன் கழிக்கும் காலம், நன்றி நவிலல் என அம்மடல்கள் ஓர் அச்சில் வார்த்தவை போல இருக்கும். ஏடுகளில் இடைச்செருகல் தேடும் கண்ணோடு அவற்றைப் படிக்கவேண்டும் என்பதைக் காரியட்டின் வழக்கு கற்பிக்கிறது. அவரிடம் பெயரும் பொருளும் இருந்தன, வழக்காட முடிந்தது. அதே உலகங்களில் மரம் வரைந்தவர்கள், இரவெல்லாம் பிழை திருத்தியவர்கள், பெயரே தெரியாமல் நீக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய ஒற்றெழுத்தை எந்த நடுவர் குழுவும் தேடவில்லை.

2013இல் காரியட் பொதுமக்களிடம் நிதி திரட்டி 'ஷ்ரௌட் ஆஃப் தி அவதார்' என்னும் புதிய உலகத்தைத் தொடங்கினார். 2018இல் அது வெளிவந்தது. 2019இல் அதுவும் வேறு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஆரிஜினை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2004இலேயே மூடிவிட்டது. அல்டிமா ஆன்லைனோ ஊர் விட்டு ஊர் பெயர்ந்து, 2014 முதல் பிராட்ஸ்வர்ட் என்னும் சிறு நிறுவனத்தின் பராமரிப்பில் வந்து, 2022இல் 25 ஆண்டுகளை நிறைவு செய்தது. அதைத் தாங்கியவர்கள் சந்தா கட்டி அங்கே குடியிருந்த மக்களே. டாபுலா ராசாவுக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை. விற்காத நூலின் ஒரு படியேனும் ஏதோ ஒரு நூலகத்தின் அடித்தட்டில் கிடக்கும். நிறுத்தப்பட்ட இணைய உலகத்துக்கு அடித்தட்டு இல்லை. அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றிய குறிப்பு விண்வெளி நிலையத்தில் ஒரு நினைவகத்தில் பூமியைச் சுற்றுகிறது. அவர்கள் வாழ்ந்த நிலத்தை இன்று பூமியில் எங்கும் காணமுடியாது. படைத்தவர் எப்படி வெளியேறினார் என்ற செய்தியோ ஆஸ்டின் நகர நீதிமன்றக் கோப்புகளில் பத்திரமாக இருக்கிறது. இத்துறையின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தட்டவேண்டிய கதவு அதுவே.