டெக் பயணியும் சொகுசுக் கப்பலும்: திருச்சி – நாகை வழியிலிருந்து ஒரு கப்பல் நிறுவன வரலாறு

சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்த ஆண்டில் எந்தக் கப்பல் கட்டப்பட்டது, அது எவ்வளவு பெரியது, எத்தனை அடுக்குகள் கொண்டது என்று அவ்வரலாறு விரியும். கப்பலேறியவர் யார், அவருடைய பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற கேள்விகள் அதில் பின்னுக்குப் போய்விடுகின்றன. கடலிலிருந்து வெகுதூரம் உள்நாட்டில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் லால்குடிப் பக்கத்திலிருந்து பார்த்தால் இக்கேள்விகளே முதலில் எழும். ஏனெனில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்டத் தொழிலாளர்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இன்று உலகின் மிகப் பெரிய சொகுசுக் கப்பல் குழுமத்துக்குள் அடங்கியிருக்கும் ஒரு நிறுவனக் கிளை, தன் வளர்ச்சிக் காலத்தில் வங்காள விரிகுடாவின் டெக் பயணிகளையே, அதாவது அறையின்றித் திறந்த தளத்தில் பயணம் செய்தவர்களையே, பெரிதும் நம்பியிருந்தது என்பதும், அப்பயணிகளை விலக்கிவிட்டு அந்த நிறுவனத்தின் வரலாற்றை எழுத முடியாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ரயிலும் துறைமுகமும்

1861, 1862ஆம் ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரை ரயில் பாதை போடப்பட்டது. துறைமுகத்தில் தொடங்கி உள்நாட்டை நோக்கி வந்த பாதை அது. ஏற்றுமதிச் சரக்கைக் கடற்கரைக்குக் கொண்டுசேர்த்த அதே பாதை, கங்காணிகள் திரட்டிய ஆட்களையும் கொண்டுசேர்த்தது. லால்குடி வழியாகச் செல்லும் விழுப்புரம் – திருச்சி கார்டு லைன் மிகவும் பிந்தியது. அதற்கு முன் கொள்ளிடக் கரை ஊர்களிலிருந்து மலாயா சென்றவர் திருச்சி சென்றே நாகைக்கு ரயிலேற வேண்டியிருந்தது.

நாகையில் காத்திருந்த கப்பல்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையவை. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் மெக்கின்னன் 1856இல் கல்கத்தா – பர்மா தபால் போக்குவரத்துக்காகத் தொடங்கிய நிறுவனம் 1862இல் இந்தப் பெயரைப் பெற்றது. அதன் தொடக்கமே அரசின் தபால் ஒப்பந்தத்தில்தான். மலாயா வழித்தடத்திலும் சந்தையை உருவாக்கியது தனிப்பயணியின் கைப்பணம் மட்டுமன்று. 1907இல் மலாயாவில் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் வரி செலுத்தினர். தொழிலாளரின் பயணச் செலவை அந்நிதி ஏற்றது. பயணம் செய்தவர் ஒருவர், பணம் கட்டியவர் வேறொருவர். திருச்சி மாவட்டத்துக் கூலியின் உழைப்பே, தோட்ட முதலாளியின் வரியாக மாறி, கப்பல் நிறுவனத்தின் நிலையான வருமானமாகச் சேர்ந்தது.

போட்டியும் ஏகபோகமும்

இந்த ஏற்பாட்டின் அரசியலை முதலில் புரிந்துகொண்டு எதிர்த்தவர், திருச்சியில் சட்டம் படித்த வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1906இல் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, 25 ரூபாய்ப் பங்குகள் 40,000 என்ற கணக்கில் 10 லட்சம் ரூபாய் முதலைத் திட்டமிட்டது. காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடி – கொழும்பு இடையே ஓடின. எதிர்த்தரப்பான பிரிட்டிஷ் இந்தியா கட்டணத்தைத் தாழ்த்தியது; இலவசப் பயணம் வரை இறங்கி வந்தது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார்; 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 25 ரூபாய்ப் பங்கு என்ற முடிவில் ஒரு கொள்கை இருந்தது: கப்பலில் போகிறவனே கப்பலுக்கு உடைமையாளனாகவும் இருக்க வேண்டும். அக்கொள்கையின் தோல்வியும் பிரிட்டிஷ் இந்தியா நிறுவன வளர்ச்சி வரலாற்றின் ஒரு பகுதியே. மூன்றே ஆண்டுகளில், 1914இல், அந்நிறுவனம் பி. அண்டு ஓ. என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்துடன் இணைந்தது.

ரஜூலாவின் கணக்கு

மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் நினைவில் நிலைத்த கப்பல் ரஜூலா. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட இக்கப்பலின் மொத்தக் கொள்ளளவு 8,478 டன். தொடக்கத்தில் 5,113 டெக் பயணிகளை ஏற்ற இதற்கு அனுமதி இருந்தது. பின்னாளில் இந்த எண்ணிக்கை குறைக்கப்பட்டது. இதன் உடன்பிறப்புக் கப்பலான ரோஹ்னா 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் படைவீரர்களை ஏற்றிச் சென்றபோது ஜெர்மானியக் குண்டுவீச்சில் மூழ்கியது. ரஜூலா தப்பிப் பிழைத்து, 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் வழியில் உழைத்தது.

சொகுசுக் கப்பல் தொழிலில் ஓர் அளவுகோல் உண்டு. கப்பலின் மொத்தக் கொள்ளளவைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒருவருக்குக் கிடைக்கும் இடத்தைக் கணிப்பார்கள். அதை ரஜூலாவுக்குப் பொருத்தினால் ஒரு டெக் பயணிக்குக் கிடைப்பது சுமார் 1.7. இன்று இந்தியக் கடற்கரையில் ஓடும் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் ஏறக்குறைய 48,500 டன். அறைக்கு இருவர் என்ற கணக்கில் சுமார் 1,600 பயணிகளை ஏற்றும் அக்கப்பலில் இந்த அளவு சுமார் 30. டன் கணக்கிடும் முறை இடையில் மாறியிருப்பதால் இவ்விரு எண்களையும் நேர்ப்பொருளில் ஒப்பிடக் கூடாது. ஆயினும் இடைவெளி அந்த மாற்றத்தால் விளக்கிவிட முடியாத அளவு பெரிது. டெக்கில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவருக்குக் கப்பலில் கிடைத்த இடம் அவ்வளவே. பினாங்கை அடைந்த பின்னும் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாம் அவருக்குக் காத்திருந்தது.

திருப்பம்: 1971 – 1974

டெக் பயணியின் வழித்தடமும் இன்றைய விடுமுறைப் பயணமும் முற்றிலும் வேறான தொழில்கள், இரண்டையும் ஒரே வரலாற்றில் கோப்பது பொருந்தாது என்று சிலர் மறுக்கலாம். கப்பல்களின் வாழ்க்கையே இதற்கு விடை தருகிறது. படைவீரர்களை ஏற்ற அமர்த்தப்பட்ட டுனேரா 1961 முதல் பள்ளி மாணவர்களின் கல்விச் சுற்றுலாக் கப்பலானது. அதை ஓட்டியது இதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம். ஆப்பிரிக்க வழியில் ஓடிய உகாண்டா கப்பலும் 1968இல் அதே பணிக்கு வந்தது. பலரை ஒரே தளத்தில் தங்கவைத்து, உணவளித்து, ஒழுங்காக இறக்கிவிடும் கலையை இந்நிறுவனம் பல பத்தாண்டுகள் பழகியிருந்தது. சுற்றுலாத் தொழில் தேவைப்படுத்தியது அந்தக் கலையைத்தான்.

1958இலேயே அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்தவர்களைவிட விமானத்தில் கடந்தவர்கள் மிகுந்துவிட்டனர். 1971இல் பி. அண்டு ஓ. தன் கிளை நிறுவனங்களைக் கலைத்து, பிரிட்டிஷ் இந்தியாவின் எஞ்சிய கப்பல்களைப் பயணிகள் பிரிவு, சரக்குப் பிரிவு எனப் பங்கிட்டது. 1973இல் ரஜூலா ஓய்வு பெற்றது. 1974இல் அதே குழுமம் அமெரிக்காவின் பிரின்சஸ் நிறுவனத்தை வாங்கியது. 2003இல் பி. அண்டு ஓ. பிரின்சஸ், கார்னிவல் குழுமத்தோடு சேர்ந்தது. கார்னிவலின் தொடக்கமும் 1972இல், பழைய வழித்தடக் கப்பல் ஒன்றை வாங்கிப் பெயர் மாற்றியதிலிருந்துதான். வழித்தடத்தின் முடிவும் சுற்றுலாவின் தொடக்கமும் ஒரே நிர்வாகக் கணக்குப் புத்தகத்தின் அடுத்தடுத்த பக்கங்கள்.

சென்னையும் நாகையும்

தமிழ்க் கடற்கரையில் ரஜூலாவின் வழித்தடத்தை இந்தியக் கப்பல் கழகத்தின் சிதம்பரம் கப்பல் தொடர்ந்தது. 1985 பிப்ரவரியில் சென்னை வரும் வழியில் அதில் தீப்பற்றியதோடு அந்தச் சேவையும் முடிந்தது. 37 ஆண்டுகளுக்குப் பின், 2022 ஜூன் 4 அன்று எம்பிரஸ் கப்பலின் சென்னைப் பயணத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 1990இல் ராயல் கரிபியன் நிறுவனத்துக்காக நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் குறுகிய விடுமுறைப் பயணங்களுக்கென்றே கட்டப்பட்ட கப்பல் அது. சென்னையில் ஏறியவர் சென்னையிலேயே இறங்கலாம். போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்று தேவையில்லை. நடுத்தரக் குடும்பத்துக்குக் கடலைக் காட்டியது இதன் நற்பயன். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் லால்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கடலின் பொருள் வேறாக இருந்தது: அக்கரையில் உறவும் பிழைப்பும் இருந்தன. அவ்வுறவுக்கு இன்று வழிவிடுவது திருச்சி விமான நிலையம்.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் புறப்பட்டது. இடைவெளிக்குப் பின் 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. அளவில் சிறிய கப்பல்தான். ஆனால் ரஜூலாவின் மரபுக்கு உரிமை கோரத்தக்கது அதுவே: ஓர் ஊரில் ஏற்றி, இன்னோர் ஊரில் இறக்கி, இரு கரை மக்களைச் சேர்க்கிறது. கப்பல் நிறுவனத்தின் வளர்ச்சியை அளக்க டன் கணக்கு போதாது. பயணத்துக்குப் பணம் கட்டியவர் யார், பயணிக்குக் கிடைத்த இடம் எவ்வளவு, அவர் எந்தக் கரையில் இறங்கினார் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டு எழுதும்போது, பெயர் தெரியாத அந்த 5,113 பேரும் நிறுவன வரலாற்றுக்குள் பயணிகளாக மட்டுமின்றி அதைக் கட்டியவர்களாகவும் இடம்பெறுவார்கள்.