அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி: எந்த வேலைக்கு எந்த அலுவலகம்?

சென்னையின் மேற்குப் புறநகரில் வீடு வாங்கியோ வாடகைக்கோ குடியேறும் நம் சமுதாயக் குடும்பங்கள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. வீடு மாறிய சில மாதங்களில் ஒவ்வொரு குடும்பமும் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. "நம் வீடு மாநகராட்சியிலா, நகராட்சியிலா? சென்னையிலா, திருவள்ளூரிலா?" இதற்கு விடை தெரியாததால் பிறப்புச் சான்றிதழுக்கும் வரி ரசீதுக்கும் கட்டட அனுமதிக்கும் தவறான அலுவலக வாசலில் நின்று நாள்களை இழப்போர் ஏராளம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதே சிக்கலில் மாட்டிக்கொள்கின்றன. இப்பகுதியின் உள்ளாட்சி அமைப்பையும், வரவிருக்கும் திட்டங்களையும், அவற்றில் நாம் கவனிக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

மூன்று ஊர்கள், மூன்று நிர்வாகங்கள்

அம்பத்தூர் ஒரு காலத்தில் தனி நகராட்சி. 2011 அக்டோபரில் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 கிராம ஊராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது அம்பத்தூரும் அதில் சேர்ந்தது. அந்த இணைப்புக்குப் பிறகு சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டராகவும், வார்டுகள் 155-இலிருந்து 200 ஆகவும், மண்டலங்கள் 10-இலிருந்து 15 ஆகவும் உயர்ந்தன. அம்பத்தூர் இன்று பெருநகர சென்னை மாநகராட்சியின் 7-ஆம் மண்டலம். 79 முதல் 93 வரையிலான வார்டுகள் அதில் அடங்கும். 2018-இல் அம்பத்தூர் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது.

ஆவடி 2019-இல் நகராட்சியிலிருந்து மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 48 வார்டுகள் உள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் மூன்றரை லட்சம். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில்தான் இந்த மாநகராட்சிக்கு முதல் மன்றம் அமைந்தது. மேயர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆவடி சென்னையை ஒட்டியே இருந்தாலும் அது திருவள்ளூர் மாவட்டம். சென்னை மாநகராட்சிக்கும் அதற்கும் நிர்வாகத் தொடர்பு கிடையாது.

பூந்தமல்லி 21 வார்டுகள் கொண்ட நகராட்சி. இதுவும் திருவள்ளூர் மாவட்டமே. அருகிலுள்ள திருவேற்காடும் திருநின்றவூரும் தனித்தனி நகராட்சிகள், திருமழிசை பேரூராட்சி. இவற்றில் சிலவற்றை ஆவடியோடு இணைத்துப் பெரிய மாநகராட்சியாக்கும் யோசனை ஆவடி தரம் உயர்ந்த காலம் முதலே பேசப்பட்டு வருகிறது. இணைப்பு நடந்தால் வார்டு எல்லை, வரி விகிதம், இடஒதுக்கீடு அனைத்தும் மாறும். எனவே இது வெறும் பெயர் மாற்றச் செய்தி அல்ல.

காவல்துறை எல்லையோ இவை எல்லாவற்றிலிருந்தும் வேறானது. 2022 ஜனவரி 1 முதல் ஆவடி காவல் ஆணையரகம் செயல்படுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அதன் எல்லைக்குள் வருகின்றன. ஆக, அம்பத்தூரில் வசிக்கும் ஒருவருக்குக் குப்பை அள்ளுவது சென்னை மாநகராட்சி, வாரிசுச் சான்று தருவது சென்னை மாவட்டத்தின் அம்பத்தூர் வட்டாட்சியர், புகார் வாங்குவது ஆவடி காவல் ஆணையரகம். இதை முதலில் மனதில் பதித்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

குடிநீரும் கழிவுநீரும்

அம்பத்தூர் மண்டலத்தில் குடிநீர், பாதாளச் சாக்கடை இரண்டும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. வரியும் கட்டணமும் வாரியத்துக்குத் தனியே செலுத்த வேண்டும். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ளாட்சி நிர்வாகமே இணைப்பு தருகிறது, கட்டணமும் வசூலிக்கிறது. அம்பத்தூரில் தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்கு 1913 என்ற மாநகராட்சி எண்ணை அழைக்கலாம். ஆவடி, பூந்தமல்லி மக்கள் தங்கள் உள்ளாட்சி அலுவலகத்தையோ முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணையோ நாட வேண்டும். எந்தப் புகாராக இருந்தாலும் பதிவு எண்ணைக் குறித்துவைப்பது அவசியம். வாய்மொழிப் புகாருக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

சொத்து வரி: கவனிக்க வேண்டியவை

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி உயர்த்தப்பட்டது. குடியிருப்புகளைப் பொறுத்தவரை, சென்னையின் பழைய பகுதிகளுக்கு அதிக விகிதமும், 2011-இல் இணைந்த பகுதிகளுக்கும் பிற மாநகராட்சி, நகராட்சிகளுக்கும் குறைந்த விகிதமும் வைக்கப்பட்டன. அதன்படி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றிலும் 600 சதுர அடிக்குள் உள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என உயர்வு அமைந்தது. அதன்பின் ஆண்டுதோறும் உயர்த்தும் முறையும் வந்துவிட்டது.

வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் மாதத்துக்குள்ளும் அக்டோபர் மாதத்துக்குள்ளும் செலுத்துவோருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. வீடு வாங்கியவுடன் பத்திரப்பதிவோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாமல் வரி ரசீதிலும் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். தந்தையின் பெயரிலேயே ரசீது பல ஆண்டுகள் ஓடி, வஃபாத்துக்குப் பிறகு பாகப்பிரிவினை நேரத்தில் சகோதர சகோதரிகளுக்குள் மனக்கசப்பு ஏற்படுவதை நம் சமுதாயத்தில் அடிக்கடி பார்க்கிறோம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு குறிப்பு: பொது வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்டு அதற்கே பயன்படும் கட்டடத்துக்குச் சொத்து வரி விலக்கு சட்டத்திலேயே உள்ளது. ஆனால் அதே வளாகத்தில் வாடகைக்கு விடப்படும் கடைகளுக்கும் வீடுகளுக்கும் அந்த விலக்கு பொருந்தாது. இரண்டையும் தனித்தனியாக மதிப்பீடு செய்துவைத்தால் பிற்காலத்தில் நிலுவை சேராது.

பிறப்பு, இறப்பு, திருமணம்

பிறப்பையும் இறப்பையும் 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். நிகழ்வு நடந்த இடத்தின் உள்ளாட்சியே பதிவு செய்யும் இடம். நம் வீடு எங்கே என்பது கணக்கில்லை. ஆவடியில் வசித்தாலும் பிரசவம் அம்பத்தூர் மருத்துவமனையில் நடந்தால் பதிவு சென்னை மாநகராட்சியில்தான்.

குழந்தையின் பெயர் இல்லாமலேயே முதலில் பதிவு செய்துவிடலாம். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டும் நம் வழக்கத்துக்கு இது போதுமான அவகாசம். அந்த வாரமே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, தந்தை பெயர், தாய் பெயர் ஆகியவை ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று சரிபார்த்துச் சேர்த்துவிடுவது நல்லது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தப்படி, அந்நாளுக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், அரசு வேலை எனப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆவணம். 'முஹம்மது' என்பதை ஓர் ஆவணத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் எழுதிவிட்டுப் பின்னர் திருத்த அலைவதை இப்போதே தவிர்க்கலாம்.

திருமணப் பதிவு உள்ளாட்சி அலுவலகத்தில் நடப்பதில்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டின் நகல் அதற்கு உதவும் ஆவணமே தவிர, அதற்கு மாற்று அல்ல.

மனை வாங்கும் முன்

மூன்று ஊர்களும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின், அதாவது சி.எம்.டி.ஏ.வின், திட்டப் பகுதிக்குள் வருபவை. மனை வாங்குவோர் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அதன் பிறகு உருவான அங்கீகாரமற்ற மனைகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. "பின்னால் ரெகுலரைஸ் செய்துகொள்ளலாம்" என்று புரோக்கர் சொன்னால் தேதியைக் கேளுங்கள்.

இரண்டாவது, நிலப் பயன்பாடு. 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பா, தொழிற்பகுதியா, விவசாயமா என்று குறிப்பிடுகிறது. ஆவடிக்கு வடக்கே சில கிராமங்கள் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக் கட்டுப்பாட்டுக்குள் உள்ளன. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, நீர்வழி. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் செல்கிறது. பூந்தமல்லியை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் அதன் திறப்பும் அடையாற்று வெள்ளமும் என்ன செய்தன என்பதைச் சென்னை மறக்கவில்லை. கால்வாயை ஒட்டிய மனையை மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதே அறிவுடைமை.

வீடு கட்டுவோருக்கு ஓர் எளிமை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழி உடனடி அனுமதி கிடைக்கிறது. இது குடியிருப்புக்கு மட்டுமே. வீட்டுக்கென அனுமதி வாங்கி மதரஸாவாகவோ தொழுகைக் கூடமாகவோ மாற்றினால் பிற்பாடு சீல் வைக்கும் நிலை வரலாம். புதிய வழிபாட்டுத் தலக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்பது தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் நெடுங்காலமாக உள்ளது. அம்பத்தூருக்குச் சென்னை ஆட்சியர். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் திருவள்ளூர் ஆட்சியர். கபர்ஸ்தானுக்கும் நிலம் வாங்கினால் மட்டும் போதாது, உள்ளாட்சியின் உரிமமும் வேண்டும். ஒரு ஜனாஸா வாசலில் காத்திருக்கும்போது தேடக்கூடிய ஆவணம் அல்ல அது. புதிதாகக் குடியேறியோர் நிறைந்த பகுதிகளின் ஜமாஅத்துகள் இதை முன்கூட்டியே முடித்துவைக்க வேண்டும்.

வரும் திட்டங்கள்

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி பைபாஸ் வரையிலான 26.1 கிலோமீட்டர் வழித்தடம் அடங்கும். 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 மார்ச்சில் பூந்தமல்லி பணிமனைக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே முதல் சோதனை ஓட்டம் நடந்தது. கோயம்பேட்டிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டர் நீட்டிப்புக்கான விரிவான திட்ட அறிக்கையும் 2025 பிப்ரவரியில் அரசிடம் தரப்பட்டது. 19 நிலையங்கள், 9,744 கோடி ரூபாய் என்பது அதன் மதிப்பீடு.

இத்திட்டங்களால் பயணம் எளிதாகும். நில மதிப்பும் வாடகையும் உயரும். சாலையோரத்தில் கடை வைத்திருப்போரின் இடமும் பள்ளிவாசல், வக்ஃபு சொத்துகளும் கையகப்படுத்தும் பட்டியலில் வரவும் கூடும். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது நான்கிலும் ஒரே பெயரும் ஒரே அளவும் இருந்தால்தான் உரிய இழப்பீடு காலத்தோடு கைக்கு வரும்.

இவற்றுக்கெல்லாம் அடித்தளமானது சி.எம்.டி.ஏ.வின் மூன்றாவது முழுமைத் திட்டம். 2026 முதல் 2046 வரையிலான இருபது ஆண்டுகளுக்கான வரைபடம் அது. வரைவு வெளியிடப்பட்டு மக்களின் ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் எழுத்தில் பெறப்படும் கட்டம்தான் நமக்குரியது. கபர்ஸ்தானுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடம் வேண்டும் என்று அந்த நேரத்தில் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுப்பவரின் கோரிக்கை பதிவாகும். திட்டம் இறுதியான பின் வருவோர் நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடும்.

நாம் செய்யக்கூடியது

ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபை கூட வேண்டும் என்பது விதி. 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் தமிழ்நாட்டின் நகரங்களில் இக்கூட்டங்கள் தொடங்கின. கிராம சபையைப் போலவே அந்தப் பகுதியின் வாக்காளர்கள் அனைவரும் இதில் கலந்துகொள்ளலாம். பெண்களும் தவறாமல் செல்ல வேண்டும். தண்ணீரும் சாக்கடையும் அன்றாடம் யாரைப் பாதிக்கின்றனவோ அவர்கள் சொன்னால்தான் சரியாகப் பதிவாகும். மாமன்றங்களில் பாதி இடங்கள் பெண்களுக்கானவை என்பதால் பல வார்டுகளில் கேட்பவரும் ஒரு பெண் உறுப்பினரே.

ஜமாஅத்துகள் மஹல்லாவுக்கு இருவரை இதற்கென நியமிக்கலாம். பகுதி சபை அறிவிப்பு, முழுமைத் திட்ட வரைவு, வாக்காளர் பட்டியல் திருத்தம், வரி செலுத்தும் கெடு ஆகியவற்றை ஜும்ஆ நாளில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே போதும். 2022-இல் அமைந்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் நம் பெயர் எந்த வார்டின் பட்டியலில், எந்த வீட்டு எண்ணில் இருக்கிறது என்பதையாவது ஒவ்வொரு குடும்பமும் பார்த்து வைத்துக்கொள்வோம்.