மாறி ஏறும் இடம்

1911 ஜூன் 17 காலை. திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் துரை மனைவியுடன் மணியாச்சி சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து வரவிருந்த போட் மெயிலுக்காகக் காத்திருந்த நேரம் அது. வாஞ்சிநாதன் சுட்டது நாம் பள்ளிப்பருவத்திலேயே கேட்ட கதை. இங்கே நம் கவனம் அந்தக் காத்திருப்பின் மீது. அவர் போக எண்ணியது கொடைக்கானலுக்கு. மோட்டார்ச் சாலை மலைமேல் எட்டாத காலம். இரண்டு ரயில்கள், பிறகு மாட்டுவண்டி, அடிவாரத்திலிருந்து குதிரை அல்லது ஆட்கள் தோளில் சுமக்கும் நாற்காலி. ஜில்லாவை ஆண்டவருக்கும் வாசலில் ஏறி உச்சியில் இறங்கும் வசதி இல்லை.

சொந்தக் கார் வந்தபின் இந்த மாறி ஏறும் தொல்லை ஒழிந்தது என்பது பொதுவான எண்ணம். தூத்துக்குடியின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

இக்கரையின் கடல் ஆழமற்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்கோ போலோ, முத்து வணிகர்கள் பெரிய கலங்களை நங்கூரமிட்டு நிறுத்திவிட்டுச் சிறு படகுகளுக்கு மாறியதை எழுதிவைத்திருக்கிறார். அறுநூறு ஆண்டுகள் கழிந்தும் நிலைமை அதுவே. 1870களில் ரயில் வந்தது. ஆனால் கொழும்புக் கப்பல் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நின்றது. சென்னையில் ஏறியவர் இங்கே இறங்கி, நீராவிப் படகில் குலுங்கிப்போய்க் கப்பலைப் பிடிக்க வேண்டும். மூட்டை முடிச்சுகளோடு, குழந்தைகளோடு. சரக்குகளுக்குத் தோணிகள்.

ரயில் விட்ட இடத்திலிருந்து கொழும்பு வரையிலான இந்தக் கண்ணியின் மீதுதான் வ.உ.சி. கைவைத்தார். 1906இல் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனி பத்து லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய் என்று திட்டமிடப்பட்டது. காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தன. எதிர்த்தரப்பான பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்றும் சொல்வார்கள். குடைக்கதை மெய்யோ பொய்யோ, பயணி எப்படிக் கணக்குப் போடுவான் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். 1908இல் வ.உ.சி. சிறை சென்றார். 1912 டிசம்பரில் வெளிவந்தபோது கம்பெனி இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தது. போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பிற்று. மாறி ஏறும் இடம் நகர்ந்ததும் கொழும்புப் பயணிகளில் பெரும்பகுதியும் அதனுடன் நகர்ந்தார்கள்.

1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகத்தில் கப்பல்கள் கரையையே அணைகின்றன. 2011 ஜூனில் கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் புறப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன்பே நின்றும் போயிற்று.

இப்போது தொல்லை நிலத்துக்கு ஏறிவிட்டது. விமானம் என்றால் வாகைக்குளம். வெளியூர்ப் பேருந்துகளில் பலவற்றுக்குப் புதிய பேருந்து நிலையம். ரயில் நிலையம் மட்டும் பழைய ஊருக்குள். அவற்றைக் கட்டியவர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனிதர் எப்படிப் போவார் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. ஆகவே கார் வைத்திருப்பவரும் சென்னை வரை ஓட்டிக்கொண்டு போவது குறைவு. மாலையில் மகன் ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறான்; அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைமேடையின் நீளம் நடந்து முத்துநகர் விரைவு வண்டியில் ஏறுகிறார். அன்று நீராவிப் படகு செய்த வேலையை இன்று கார் செய்கிறது. கார் இல்லாதவர்களுக்கு 'சைக்கிள் ஸ்டாண்டு' உண்டு. அங்கே சைக்கிளைத் தேடித்தான் காண வேண்டும். எங்கும் மோட்டார் சைக்கிள்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

ஒரே ஒரு பயணத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூர்ச் சாலையில் போனால், மாலையிட்டு வெறுங்காலுடன் நடப்பவர்களிடையே கார் உடைமையாளர்களையும் காணலாம். நாற்பது கிலோமீட்டர் தூரம். அவர்களுடைய வண்டி தண்ணீர்க் கேன்களையும் துணிப்பைகளையும் சுமந்துகொண்டு முன்னே போகிறது. ஓட்டுநர் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, முதலாளி நடந்து வந்து சேரும்வரை உறங்குகிறார்.