பந்தோடு சென்ற பாஷை

1825-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் 'ஸிம்மெட்ரி' என்னும் கப்பலேறிய ஏறக்குறைய 220 பேர், அர்ஜென்டினாவின் மோன்டே கிராண்டேயில் குடியேறினர். நான்கே ஆண்டுகளில் உள்நாட்டுக் கலகம் அக்குடியிருப்பைக் குலைத்துவிட்டது. புவனோஸ் அய்ரஸ் நகரத்து ஸ்காட்லாந்தியர், தங்கள் குழந்தைகள் முன்னோரின் பாஷையையும் சமயத்தையும் இழந்துவிடலாகாதென்னும் கவலையினால், 1838-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியை ஸ்தாபித்தனர். கடல் கடந்த ஜனங்கள் கோயிலுக்கு அடுத்தபடியாகப் பள்ளிக்கூடத்தை நினைப்பது இயல்பு; மலாயாத் தோட்டங்களில் நம்மவர் செய்ததும் அதுவே.

அப்பள்ளிக்குத் தலைமையாசிரியராக 1882-இல் வந்தவர், கிளாஸ்கோவில் பிறந்து எடின்பரோ சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற அலெக்ஸாண்டர் வாட்ஸன் ஹட்டன். தேகப்பயிற்சி கல்வியின் அங்கமேயன்றி அதன் அலங்காரமன்று என்பது அவருடைய சித்தாந்தம். விளையாட்டிற்கு வேண்டிய வசதிகளைச் செய்துதர நிர்வாகிகள் இணங்காமையால், அவர் பதவியைத் துறந்து, 1884-இல் 'இங்கிலீஷ் ஹைஸ்கூல்' என்னும் சொந்தப் பள்ளியைத் திறந்தார். ஒரு மைதானத்தின் பொருட்டு ஸ்திரமான உத்தியோகத்தை விட்டவரை நான் மனமார வணங்குகிறேன்.

அதே 1884-இல் அர்ஜென்டின அரசாங்கம் 1420-ஆம் எண்ணுள்ள கல்விச் சட்டத்தை இயற்றிற்று. ஆறு முதல் பதினான்கு வயது வரையில் கல்வி கட்டாயமாயிற்று; தேச பாஷையாகிய ஸ்பானிஷும், நாட்டின் சரித்திரமும் பூகோளமும் தனியார் பள்ளிகளுக்கும் விதிக்கப்பட்டன. நாளின் ஒரு பாதி ஸ்பானிஷில், மறு பாதி ஆங்கிலத்தில் என்னும் ஏற்பாடு அந்நாட்டு இருபாஷைப் பள்ளிகளில் நாளடைவில் வேரூன்றிற்று. வகுப்பறையில் இரு பாஷைகளும், வரப்புப் போட்ட வயல்களைப்போல, ஒன்றோடொன்று கலவாமல் நின்றன.

அந்த வரப்பு உடைந்த இடம் மைதானம். ஹட்டன் 1893-இல் கால்பந்துச் சங்கத்தை அமைத்தார். அவருடைய பள்ளியின் அணி 1900-இல் சாம்பியன் பட்டம் பெற்றது. பின்னர் 'அலும்னி' என்று பெயர் மாற்றிக்கொண்டு 1911 வரையில் மேலும் ஒன்பது பட்டங்களை வென்றது. அந்த அணியில் பிரௌன் குடும்பத்துச் சகோதரர் பலர் ஒன்றாக ஆடினர். ஆனால், பள்ளியின் வாசலையே மிதித்தறியாத எளிய வீட்டுப் பிள்ளைகளும், வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1913-இல், அலும்னியின் காலம் முடிந்த தறுவாயில், உள்நாட்டவர் பெரும்பான்மையாக ஆடிய ரேஸிங் கிளப் பட்டத்தைத் தட்டிச் சென்றது.

வேலிக்கு வெளியே நின்று கேட்ட ஆங்கிலச் சொற்களையும் அப்பிள்ளைகள் தம் நாவிற்கு இணங்க வளைத்துக்கொண்டனர். 'ஸென்டர் ஹாஃப்' என்பது 'ஸென்ட்ரோஹாஸ்' ஆயிற்று. 'ஆஃப்ஸைட்', 'ஓர்ஸாய்' ஆயிற்று. இலக்கணம் படித்த மாணாக்கனின் ஆங்கிலம் அவன் வீட்டோடு நின்றிருக்கலாம். இந்தச் சிதைந்த ஆங்கிலமோ தெருத்தெருவாகப் பரவிற்று.

ஹட்டன் 1936-இல் புவனோஸ் அய்ரஸிலேயே காலமானார். அந்நகரில் இன்றும், சமயமறியாது வாய்விட்டு மாட்டிக்கொண்டவனை, பந்தைத் தொட்டேயறியாத பாட்டியுங்கூட, "ஓர்ஸாயில் அகப்பட்டான்" என்றே சொல்லுவாள்.