பூவரசம் பூவும் பொப்பி மலரும்

போரை வெறுப்பவன் போர்வீரனைப் போற்றலாமா? இவ்வினாவுக்கு விடைகாண முற்பட்ட இயக்கம் ஒன்று நம் நாட்டிலேயே தோன்றியது. 'சூரியமல்' இயக்கம் எனப்பட்ட அதனை இடதுசாரி வரலாற்றின் முன்னுரையாகவே பலரும் நோக்குவர். அதன் தொடக்கத்தில் நின்ற முன்னாள் போர்வீரனோ பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றான்.

முதலாம் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆந் திகதி ஓய்ந்தது. அந்நாளை நினைவுகூர்ந்து, முன்னாள் போர்வீரரின் நலனுக்காகச் செந்நிறப் பொப்பி மலர்களை விற்கும் வழக்கம் 1921இல் பிரித்தானியாவில் தொடங்கியது. அவ்வழக்கம் இலங்கைக்கும் வந்தது. ஆனால், இங்கு திரட்டப்பட்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. அதே போரிற் பங்குகொண்ட இலங்கையருக்குக் கிடைத்ததோ சிறுபகுதியே. இவ்வநீதியைக் கண்டித்து, முன்னாள் போர்வீரரான ஏலியன் பெரேரா 1931இல் சூரியமல் விற்பனையைத் தொடக்கினார். 'சூரிய' என்பதைச் சூரியகாந்தி எனக் கொள்வது பிழை. அது நம் வேலிகளிற் பூக்கும் பூவரசேயாகும்.

ஆகவே, முதற்கட்டத்தில் இவ்வியக்கம் போரை எதிர்த்ததன்று. போர்வீரரிடையே காட்டப்பட்ட பாகுபாட்டையே எதிர்த்தது. 1933இல் நிலைமை மாறியது. ஆங்கிலேயப் பெண்மணியும் ஆசிரியையுமான டொரீன் யங், இலங்கை மாணவர் பொப்பி மலர் வாங்கவேண்டியிருந்த நிலையைப் பத்திரிகையிற் கண்டித்தெழுதினார். தென்கொழும்பு இளைஞர் சங்கத்தினர் சூரியமல் விற்பனைக்குப் புத்துயிர் அளித்தனர். ஏகாதிபத்தியத்தையும் போரையும் எதிர்ப்பதே இப்போது அதன் நோக்கமாயிற்று. 1934-35இல் மலேரியா பரவியபோது இவ்வியக்கத்தினர் கிராமங்களுக்குச் சென்று தொண்டாற்றினர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியோருட் பலர் இவர்களே.

அதே 1933இல், பிரித்தானியாவில் கூட்டுறவு மகளிர் சங்கத்தினர் வெண்ணிறப் பொப்பியை அறிமுகஞ் செய்தமை ஒப்புநோக்கத்தக்கது. போரிற் கணவரையும் மைந்தரையும் சகோதரரையும் இழந்த பெண்கள் பலர் அச்சங்கத்தில் இருந்தனர். இறந்தோரை அவர்கள் மறந்தாரல்லர். அவர்தம் நினைவு இன்னொரு போருக்குத் துணைபோவதையே மறுத்தனர். எனினும், அது போர்வீரரை அவமதிப்பதெனச் சிலர் சினந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துவது யாது? இரங்கல் வேறு, புகழாரம் வேறு. கால் இழந்தவனுக்கு உதவுவது சமூகத்தின் கடன். அவன் இழந்த காலைக் காட்டி அடுத்த தலைமுறையைப் படைக்கு அழைப்பது அக்கடனைத் தீர்ப்பதாகாது. போரை எதிர்ப்போருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. சூரியமல் அரசியல் ஆயுதமாக வலுப்பெற்றபோது, அதன் பிறப்புக்குக் காரணமான போர்வீரனின் குறை பின்னொதுங்கியது. உயர்ந்த கொள்கையும் தனிமனிதனின் துயரைக் கடந்து சென்றுவிடக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

1983 முதல் 2009 வரை போரில் உழன்ற இந்நாட்டில், எவரை நினைப்பது, எவ்வாறு நினைப்பது என்பன இன்றும் நெஞ்சைச் சுடும் வினாக்களே. அழுவதற்கான உரிமை வென்றோருக்கு மட்டும் உரியதன்று. இழந்தோர் அனைவரும் தம்மவரை நினைந்து அழ இடமளிப்பதும், அந்நினைவை இன்னொரு போருக்கு விதையாக்க மறுப்பதும் ஒருங்கே இயலக்கூடியவையே. அவ்விரண்டையும் ஒருசேரக் கைக்கொள்ளும் மனப்பக்குவத்தையே பூவரசம் பூவின் வரலாறு நம்மிடம் வேண்டிநிற்கின்றது.